மண்சாந்தில் வைத்த கற்கள்

எஸ்னாத்தி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி கேட்டைப் பார்த்து நடப்பதை முதலில் கண்டது நான்தான். கல் அழுத்தும் இயந்திரத்தின் நீளக் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். ஒரு கல்லுக்கு ஒரு தொங்கல் என்பது கணக்கு. அந்தக் கல்லை அரைகுறையாக விட்டுவிட்டுச் சாரத்தைப் பார்த்துக் கத்தினேன்.

"மாப்ளே, கீழ இறங்கு. உன் வீட்டுக்காரி போறா பாரு."

அவனுக்கு ஃபாக்சன் என்று ஒரு பெயர் உண்டு. எங்கள் கம்பெஞ்சே ஊரில் அது பாதிப்பேருக்கு மறந்துவிட்டது. எங்களில் ஆண்தான் கல்யாணமாகிப் பெண்ணின் ஊருக்கு வந்து குடியிருப்பான். வந்தவன் வாயைத் திறக்காமல் மாமனார் காட்டைக் கொத்திக்கொண்டிருக்கும் வரை நல்ல மாப்பிள்ளை. ஃபாக்சன் அந்த வகையில் தங்கம். ஆறு வருஷத்தில் அவன் குரலை நான் கேட்டது சாரத்தின்மேல் நின்று "கலவை!" என்று கத்தும்போது மட்டும்தான்.

நவம்பர் கடைசி, சனிக்கிழமை. மலைப்பக்கம் இரண்டு நாளாக இடி மட்டும் உருண்டுகொண்டிருந்தது, மழை இறங்கவில்லை. இந்த மாதத்துக்கு என்று எங்கள் பக்கம் ஒரு குணம் இருக்கிறது. வெயில் பிடறியில் ஏறி உட்காரும், சோளமாவுப் பானை அடிதட்டும், மாம்பழம் மட்டும் கேட்பாரில்லாமல் உதிரும். மனுஷனுக்கு மனுஷன் சள்ளென்று விழுவான். இந்த மாதத்தில் நல்ல வார்த்தை பேசுகிறவன் ஒன்று பாதிரியாராக இருக்கவேண்டும், இல்லை திருடனாக இருக்கவேண்டும்.

ஃபாக்சன் கொத்துக்கரண்டியைக் கையில் வைத்தபடியே ஓடி, கேட்டில் அவளை மறித்தான். கூடவே துணைக்கு வந்திருந்த அவள் பெரியம்மா மகள் மெலியா, பானையும் பாயுமாக நின்றாள்.

"எங்க போற?"

"வீட்டுக்கு."

"சிஸ்டர்கிட்ட சொன்னியா?"

"சொல்லிக்கிட்டுப் போறதுக்கு இது கல்யாண வீடா?" என்றாள் எஸ்னாத்தி.

மெலியா குறுக்கே வந்தாள். "மாப்ளே, நீ போயி உன் சுவத்தப் பாரு. இது பொம்பளைங்க விஷயம்."

"மழை வருது. ஆறு வந்துச்சுன்னா..."

அவன் முடிக்கவில்லை. முடிக்கவும் வேண்டாம், எங்கள் எல்லாருக்கும் அந்தக் கதை தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதேபோல் முதல் மழை. எஸ்னாத்திக்கு வலி வந்து, சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான். கபுடு ஆறு கரையோடு கரையாகப் போய்க்கொண்டிருந்தது. பாலம் கிடையாது. மத்தியானத்திலிருந்து பொழுது சாயும்வரை மணலில் காத்துக் கிடந்தார்கள். பிள்ளை அந்த மணலிலேயே பிறந்தது, அழவில்லை. அவளுக்கு ரத்தம் நிற்கவில்லை. தண்ணீர் வடிந்து இக்கரைக்குக் கொண்டுவந்தபோது உயிர் தொண்டையில் இருந்தது. மருத்துவச்சி டொரிகா சிஸ்டர் அன்றைக்கே சொல்லிவிட்டார்: "அடுத்த தடவை மழைக்கு முன்னாடியே வந்து இங்க தங்கணும். வீட்டுல பெத்தா இவ பிழைக்கமாட்டா." அப்படித் தங்குவதற்காகத்தான் இந்தக் காத்திருப்பு வீடுகளையே கட்டினோம்.

எஸ்னாத்தி மூட்டையை இறக்காமலே அவனைப் பார்த்தாள்.

"அந்த வாசல் இருக்கைய யாரு கட்டினது?"

அவன் கரண்டியில் காய்ந்த சாந்தைச் சுரண்டினான்.

"கேட்டேனே."

"நான்தான்."

"தெரிஞ்சா கட்டினீங்க?"

அவன் கரண்டியைப் பார்த்தான். நான் வேறுபக்கம் திரும்பிக்கொண்டேன். ஏனென்றால் எனக்கும் தெரியும்.

"தெரிஞ்சேதான்," என்று அவளே பதில் சொல்லிக்கொண்டு நடந்துவிட்டாள்.

விஷயம் இதுதான். வீடுகளை வரைந்தவர் வெஸி மேடம். ப்ளாண்டயர் நகரத்துக்காரர், முப்பது வயது இருக்காது. சுட்ட செங்கல் ஒன்றுகூட உள்ளே வரக்கூடாது, மின்விசிறி இல்லாமலே வீடு குளிரவேண்டும், இவை இரண்டும் அவர் பிடிவாதம். நல்ல பிடிவாதம்தான். எங்கள் மலையில் சூளைக்குப் போன மரம் போக மிச்சம் மொட்டைப்பாறை. புற்றுமண்ணில் கொஞ்சம் சிமெண்ட் சேர்த்து அழுத்தி, புல்லால் மூடி, மூன்று வாரம் தண்ணீர் தெளித்தால் கல் தயார். ஒரு சுள்ளி எரிக்கவேண்டாம். சுவரைத் தொட்டால் தண்ணீர்ப்பானையைத் தொட்டதுபோல் இருக்கும். எட்டுச் சின்ன வீடுகள், வீட்டுக்கு நான்கு கட்டில், பின்சுவரில் காற்றோட ஓட்டைவிட்டுக் கட்டிய வரிசை. காற்று வருகிற வழியிலேயே பெண்கள் உட்காரட்டும் என்று ஒவ்வொரு வாசலையும் ஆழமாக்கி, நுழையும்போதே இரண்டு பக்கமும் கல் இருக்கை வைக்கச் சொல்லியிருந்தார். உண்மையாகவே அங்கே சிலுசிலுவென்று இருக்கும். பார்த்தால் யாருக்கும் உட்காரத் தோன்றும்.

ஆனால் நாங்கள் கர்ப்பிணியை 'நடுவில் இருக்கிறவள்' என்போம். உயிருக்கும் சாவுக்கும் நடுவில். நடுவில் இருக்கிறவள் வாசலில் நிற்கக்கூடாது, உட்காரக்கூடாது. அவள் வாசலை அடைத்தால் பிள்ளையும் வரும் வழியில் அடைத்துக்கொண்டு நிற்கும். இது தெரியாத பிள்ளை எங்கள் பக்கம் கிடையாது.

திறந்த முதல் வாரமே பெண்கள் வீடுகளை விட்டு மாமரத்தடிக்குப் போய்விட்டார்கள். தூங்கமட்டும் உள்ளே போவார்கள், அதுவும் இருக்கையில் இடுப்புத்துணி படாமல் ஒடுங்கி. போன செவ்வாய்க்கிழமை, புகையிலைத் தோட்டத்து வேலைக்கு வந்த வெளியூர்க்காரி ஒருத்தி ஜாலியாக அங்கே உட்கார்ந்து மாம்பழம் தின்றாள். அவளுக்கு இரண்டு நாள் வலி. பிள்ளை இறங்கவில்லை. ஆம்புலன்ஸில் மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே வயிற்றைக் கீறி எடுத்து, தாயும் பிள்ளையும் சுகம். அந்தப் பின்பாதிச் சேதியைச் சுமந்துகொண்டு வர யாருக்குக் கால் இருக்கிறது? முதல் பாதி மட்டும் ஆற்றைத் தாண்டி ஊர் ஊராகப் போனது. மூன்று நாளில் ஐந்து பெண்கள் மூட்டை கட்டினார்கள். எஸ்னாத்தி ஆறாவது.

மேடமிடம் யாரும் சொல்லவில்லை. பெண் வயிற்று விஷயத்தை ஆண் வாயால் பேசுவது எங்களில் இல்லை. அதுவும் கல்யாணமாகாத, படித்த பெண்ணிடம், கையில் சாந்துச் சட்டியோடு நின்று எப்படிப் பேசுவது? பெண்களோ, பெரிய படிப்புப் படித்தவர் தெரிந்துதான் செய்திருப்பார் என்று இருந்துவிட்டார்கள். அவர் அடுத்த வரிசை வீடுகளுக்கும் அதே இருக்கையை வரைந்து வைத்திருந்தார்.

அன்று சாயங்காலம் ஃபாக்சனும் நானும் ஆற்றைத் தாண்டி ஊருக்குப் போனோம். முழங்கால் தண்ணீர்தான், ஆனால் நிறம் மாறியிருந்தது.

காம்வெண்டோ மாமாவின் முற்றத்தில் எல்லாரும் இருந்தார்கள். எஸ்னாத்திக்குத் தாய்மாமன். எங்களில் தாய்மாமன் சொன்னால் சொன்னதுதான். பெண் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டுமா, மந்திரிப்பவரிடம் போகவேண்டுமா, அவர்தான் சொல்லவேண்டும். புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டலாம். மாமா பொதுவில் சாதுவான மனுஷர், ஒரு விஷயத்தில் தவிர. அவர் வீட்டு வாசலில் கோழி நின்றால்கூடக் கல்லெறிவார். சின்ன வயதில் அவரைச் சீண்டுவதற்காகவே அந்த வாசலில் போய் நின்றுவிட்டு ஓடியிருக்கிறோம்.

விதைப்புக்கு நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார்கள் பெண்கள். மெலியா களியும், கடலைமாவு போட்ட பூசணிக்கீரையும் கொண்டுவந்து வைத்தாள். ஃபாக்சன் கையைக் கழுவினான், களியை உருட்டினான், உருண்டையைக் கையிலேயே வைத்திருந்தான்.

"மாமா," என்றான். "அவ திரும்பிப் போகணும். திங்கக்கெழமையே."

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்கு."

"நீ கட்டின வீட்டுக்கா?" மாமா கடலையை உடைப்பதை நிறுத்தவில்லை. "என்னைய்யா லேமெக், மாப்ளே பேசறான். மழை வரும்போலதான் இருக்கு."

நான் சிரிக்கவில்லை. "மாமா, சிஸ்டர் கண்டிப்பா சொல்லியிருக்காங்க. போன தடவை மாதிரி ரத்தம்..."

"போன தடவை நான் பாக்கலையா? தூக்கிட்டுப் போன நாலு பேருல நானும் ஒருத்தன். வீட்டுல பெத்தா ஊர்த்தலைவர் ஆடு அபராதம் போடுவாருன்னு சொல்லப்போறீங்க. போடட்டும். கறுப்பு ஆடு கட்டிக் கிடக்கு, ஓட்டிட்டுப் போகட்டும்."

"ஆட்டுக்கில்ல மாமா. அவளுக்காகச் சொல்றேன்," என்றான் ஃபாக்சன்.

அப்போதுதான் மாமா வெடித்தார். "அவளுக்காகவா? வாசல்ல உக்கார இடம் கட்டிவெச்சுட்டு வந்து அவளுக்காகங்கறியா? உங்க ஊர்ல பொம்பளைங்க எங்கய்யா உக்காருவாங்க? கூரை மேலயா?"

எஸ்னாத்தி எழுந்து வீட்டுக்குப் பின்பக்கம் போனாள். அவள் போவதைப் பார்த்துவிட்டு மாமா குரலைத் தாழ்த்தினார்.

"இவ ஆத்தா என் தங்கச்சி. இதே மாசம்தான். நான் புதுசா சைக்கிள் வாங்கியிருந்தேன். ஊர்லயே முதல் சைக்கிள். வெளிய சாத்திவெச்சிருந்தேன். பசங்க வந்து மணியடிச்சு மணியடிச்சு விளையாடறானுங்கன்னு, 'நீ வாசல்ல உக்காந்து கடலையை உடை, அப்படியே சைக்கிளையும் பாத்துக்க'ன்னு நான்தான் சொன்னேன். 'வேண்டாண்ணே, வாசல்ல உக்காரக் கூடாது'ன்னா. 'கொஞ்ச நேரம்தானே'ன்னேன். நாலு நாளு உக்காந்தா. அப்புறம் மூணு நாளு வலி." கடலைத் தோலைக் கையால் ஒதுக்கினார். "இவளப் பெத்துப் போட்டுட்டுப் போயிட்டா. இருபத்துநாலு வருஷம் ஆச்சு. யாரும் என்னை ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா நல்லாருந்திருக்கும்."

அவர் ஏன் கோழிக்குக் கல்லெறிந்தார் என்று முப்பத்தைந்து வயதில் எனக்குத் தெரிந்தது. எனக்கு என்மேலேயே வெறுப்பாக வந்தது.

ஃபாக்சன் களி உருண்டையைத் தட்டில் வைத்தான். "நான் பிரிச்சுடறேன் மாமா."

"என்னத்த?"

"இருக்கைய. எட்டு வீட்டுலயும்."

"சிமெண்ட் போட்டுக் கட்டினத எப்படிப் பிரிப்ப? உடைக்கத்தான் முடியும். ஒட்டியிருக்கற சுவரும் சேந்து வரும். அதுக்குள்ள இவ பெத்து, புள்ள பள்ளிக்கூடம் போயிரும்."

"திங்கக்கெழம வந்து பாருங்க."

"மேடம் விடுவாங்களா?" என்றேன் நான்.

அவன் எழுந்து கையைக் கழுவப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை வேலைத்தளத்தில் காவல்காரன் ஒரு கரண்டியைக்கூடத் தரமாட்டான். அந்த ஒரு நாள் எனக்கே ஒரு மாதமாகப் போனது. சர்ச்சில் பாட்டுப் பாடும்போதும் ஃபாக்சன் ஜன்னல் வழியாக மலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். மலை கறுத்துக் கிடந்தது.

திங்கட்கிழமை விடிந்ததும் முதல் வீட்டு வாசலில் கடப்பாரையை வைத்தான். நான் காதைப் பொத்திக்கொள்ளத் தயாராக நின்றேன். சத்தமே வரவில்லை. கல் பல்லாட்டம் ஆடி, முழுசாக வெளியே வந்தது. அடியில் அப்பியிருந்த சாந்து அவன் கையோடு உதிர்ந்தது.

"என்னய்யா இது?" என்றேன்.

"கல்ல எடு. ஓரமா அடுக்கு. மூலை உடையாம."

மூன்று வாசல் முடிந்து நான்காவதில் இருந்தபோது மேடத்தின் பிக்கப் உள்ளே வந்தது. வண்டியை அணைக்காமலே இறங்கி வந்தார்.

"ஃபாக்சன்! என்ன பண்றீங்க?"

"மழைத் தண்ணி அடிக்கும் மேடம்."

"கூரை நாலடி வெளிய நீட்டியிருக்கு. எந்த மழை அடிக்கும்?"

"ஓதம் ஏறும்."

"அடியில கருங்கல் போட்டிருக்கோம். நீங்கதான் போட்டீங்க." அவர் மரத்தடிப் பக்கம் கையை நீட்டினார். "ஏற்கெனவே பொம்பளைங்க போயிட்டிருக்காங்க. ஏன்னு யாரும் சொல்லமாட்டேங்கறீங்க. மண்ணு வீடு பிடிக்கலையா, ஆஸ்பத்திரிச் சாப்பாடு பிடிக்கலையா, ஒண்ணும் தெரியல. இப்ப நீங்க இருக்கற ஒரு நிழலையும் இடிக்கறீங்க. கடப்பாரையைக் கீழ வைங்க."

அவன் வைக்கவில்லை.

"வெக்கலைன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதீங்க."

"சரி மேடம். இன்னிக்கு முடிச்சுட்டுப் போயிடறேன்."

சொல்லிவிட்டு அடுத்த கல்லை நெம்பினான். மேடம் முகம் கடுத்துவிட்டது. வேலைக்காரர்கள் பதினைந்து பேரும் வேலையை விட்டுவிட்டு நின்றோம். மாமரத்தடியில் மிச்சமிருந்த பெண்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். டொரிகா சிஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு பிரசவ அறையிலிருந்து வெளியே வந்தார். எனக்கு வாய் சும்மா இருக்காது, அதுதான் என் வியாதி. அன்றைக்கு அது ஒரு நல்ல காரியம் செய்தது.

"மேடம், உங்க ஊர்ல நடுவுல இருக்கற பொம்பளை வாசல்ல உக்காருவாளா?"

சுற்றி நின்றவர்கள் என்னை அடித்துவிடுவார்கள் போலிருந்தது. மேடம் என்னைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார். மிச்சமிருந்த வாசல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வாயில் கையை வைத்துக்கொண்டார்.

"எங்க அத்தை..." என்றார். "எங்க அத்தை நடுவுல இருந்தப்ப வாசல்ல நின்னு போன் பேசினாங்க. எங்கம்மா கையைப் பிடிச்சு இழுத்துவிட்டாங்க. நான் பக்கத்துலதான் நின்னேன்."

"அப்ப உங்களுக்கும் தெரியும்," என்றார் டொரிகா சிஸ்டர்.

"தெரியும் சிஸ்டர். வரையறப்ப அது எனக்கு வாசலாத் தெரியல. காத்து வர்ற வழியாத்தான் தெரிஞ்சுது. உங்களுக்குத் தெரியாதா? நீங்க ஏன் சொல்லல?"

"நான் பிரசவ ரூமை விட்டு எப்ப வெளிய வந்தேன்? பொம்பளைங்க போறது எண்ணிக்கை குறையறப்பதான் தெரியுது. கேட்டா, வீட்டுல கோழி தனியா இருக்குங்கறாங்க." சிஸ்டர் கையிலிருந்த துணியை உதறினார். "வாசல் விஷயம் நிஜமா பொய்யான்னு என்னைக் கேக்காதீங்க. என்கிட்ட ரத்தம் நிக்கறதுக்கு ஊசி இருக்கு. பொம்பளையே வரலைன்னா அத யாருக்குப் போடறது? சுவத்துக்கா?"

மேடம் குனிந்து, எடுத்த கல் ஒன்றைப் புரட்டினார். சாந்தை நகத்தால் சுரண்டினார். பொலபொலவென்று கொட்டியது.

"இதுல சிமெண்ட் எங்க ஃபாக்சன்?"

"போடல."

"சுவர்ல?"

"சுவர்ல இருக்கு மேடம். கடப்பாரை போட்டுப் பாருங்க, இறங்காது. இருக்கைக்கு மட்டும் வெறும் மண்ணு."

"எட்டு வீட்டுலயுமா?"

"எட்டு வீட்டுலயும்."

"ஏன்?"

ஃபாக்சன் கடப்பாரையைத் தரையில் ஊன்றி, அதையே பார்த்துக்கொண்டு நின்றான். நெற்றி வேர்வை மூக்கு வழியாக இறங்கிச் சொட்டியது.

"வாயால சொல்ல முடியல மேடம்."

மேடத்துக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அஞ்சு மாசம் தினமும் என் மூஞ்சியப் பாத்தீங்க. ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." நிறுத்திக்கொண்டார். சட்டைக்கையை மடித்துவிட்டார். "எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஆள் இருந்தா இன்னிக்கே."

"ஆள் இருக்கு. லேமெக், இயந்திரத்த நிறுத்துங்க. இன்னிக்குப் புதுக்கல் வேண்டாம்." மரத்தடிப் பக்கம் திரும்பி, முதல்முறையாக அந்தப் பெண்களிடமே கேட்டார்: "நீங்க எங்க உக்காருவீங்க? எப்படி உக்காருவீங்க?"

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒருத்தி காலை நீட்டிக் காட்டினாள். "இப்படி. தரையில. காலை நீட்டி. முதுகுக்கு எதாவது இருந்தாப் போதும்." இன்னொருத்தி சொன்னாள், "கேட்டும் தெரியணும். வீட்டுலேர்ந்து யாரு வர்றாங்கன்னு பாக்கணும்ல." மேடம் காகிதம் எடுக்கவில்லை. காலணியைக் கழற்றிவிட்டு அவர்களோடு தரையில் காலை நீட்டி உட்கார்ந்து பார்த்தார். வாசலில் எடுத்த கல்லையெல்லாம் மாமரத்தைச் சுற்றி, முதுகு சாய்கிற உயரத்துக்கு வளைத்துக் கட்டுவது என்று முடிவாயிற்று.

மூன்று மணிக்குக் காம்வெண்டோ மாமா வந்தார். கைத்தடியால் வாசலின் இரண்டு பக்கமும் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய், திரும்பி வந்து, அடுத்த வீட்டுக்குப் போனார். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏழு வாசலையும் அப்படியே பார்த்தார். எட்டாவதில் ஒரு பக்க இருக்கை அப்படியே இருந்தது. காற்று திடீரென்று மாறி மண்வாடையோடு அடித்தது. மாமா தடியைக் கீழே போட்டார். கடப்பாரையை என் கையிலிருந்து பிடுங்கினார். அந்த வயதில் அவ்வளவு பலம் எங்கே வைத்திருந்தாரோ, கல்லைக் கல்லாக நெம்பி வெளியே தள்ளினார். ஃபாக்சன் பக்கத்தில் குனிந்து வாங்கி வாங்கி வைத்தான்.

கடைசிக் கல் இறங்கும்போது சாலையில் சைக்கிளில் போன ஒருவன் கத்தினான்: "கபுடு வந்துருச்சு! மார்பளவு தண்ணி!"

ஃபாக்சன் கையிலிருந்த கல் கீழே விழுந்து இரண்டாகப் போனது. அன்று உடைந்த ஒரே கல் அதுதான். அவன் கேட்டைப் பார்த்து ஓடினான்.

"எங்க ஓடற?" என்றார் மாமா.

"அவ அந்தக் கரையில..."

"எந்தக் கரையில? காலையிலயே ஆத்தத் தாண்டிக் கூட்டிட்டு வந்து, மிஷன் கிணத்தடியில மெலியாவோட உக்காரவெச்சுட்டுத்தான் வந்தேன். தண்ணி வந்தபிறகு வாசலப் பாக்க வர்றதுக்கு நான் என்ன கிறுக்கனா?"

"வாசல் சரியில்லாம இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?" என்று மேடம் கேட்டார்.

"கிணத்தடியிலயே ஓலையால மறைப்புக் கட்டிட்டு, கால்ல விழுந்து சிஸ்டர அங்க கூட்டிட்டுப் போயிருப்பேன். போங்கய்யா, நனையறதுக்குள்ள அவளக் கூட்டிட்டு வாங்க."

எஸ்னாத்தி எட்டாம் வீட்டுக்குள் போகும்போது ஃபாக்சனைப் பார்த்தாள். அவன் உடம்பு முழுக்கச் சிவப்பு மண். "குளிக்கலையா?" என்று மட்டும் கேட்டாள். அவர்களுக்குள் அது சமாதானம்.

புதன்கிழமை காலை அவளுக்கு வலி எடுத்தது. இரண்டு நாளாக மழை விட்டு விட்டு அடித்ததில் ஆறு வடியவில்லை, மேடமும் ஊருக்குப் போக முடியாமல் மாட்டிக்கொண்டார். முற்றமெல்லாம் சேறு என்பதால் பிக்கப்பைக் கேட்டுக்கு நடுவிலேயே நிறுத்தியிருந்தார். ஆண்கள் நாங்கள் பிரசவ அறையிலிருந்து தள்ளி, மாமரத்தடியில் பாதி கட்டிய சுவரோரம் நின்றோம்.

பதினோரு மணி இருக்கும். உள்ளே எஸ்னாத்தியின் குரல் மாறியது. மாமா என் தோளைத் தட்டினார்.

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு."

"என்ன?"

"வண்டி. கேட்ட அடைச்சுக்கிட்டு நிக்குது."

மேடம் காதில் அது விழுந்துவிட்டது. படித்தவர், வரைபடம் போடுகிறவர், என்ன சொல்லப்போகிறாரோ என்று நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் மழையிலேயே ஓடிப்போய் வண்டியைக் கிளப்பினார். சக்கரம் சேற்றில் சுற்றியதே தவிர வண்டி நகரவில்லை. நாங்கள் ஆறு பேர் பின்னால் தோளைக் கொடுத்துத் தள்ளினோம். மாமாவும் தள்ளினார். முகமெல்லாம் சேறு. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி வெளியே போய், சாலையோரப் பள்ளத்தில் சாய்ந்து நின்றது. மேடம் இறங்கி, கேட்டின் இரண்டு கதவையும் விரியத் திறந்து கல் வைத்தார்.

அப்புறமும் நேரம் போனது. மழை நின்றது. ஈசல் கிளம்பி முற்றமெல்லாம் பறந்தது. பிடிக்க யாருக்கும் கை வரவில்லை. ஒரு மணிக்கு ஒரு சின்னச் சத்தம் கேட்டது. பிள்ளையா ஆடா என்று தெரியவில்லை. உடனே மெலியா வாளியோடு வெளியே ஓடிவந்தாள். வாளியில் இருந்த துணி சிவப்பாக இருந்தது. தண்ணீரை மொண்டுகொண்டு, எங்களைப் பார்க்காமலே உள்ளே ஓடினாள்.

ஃபாக்சன் குந்தி உட்கார்ந்துவிட்டான். இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். "அதேதான்," என்றான். "போன தடவையும் அதேதான்." மாமா அவன் பக்கத்தில் போய் நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் அவன் தலைமேல் கையை வைத்தார். தாய்மாமன் மாப்பிள்ளையைத் தொடுவது எங்களில் வழக்கமில்லை. அந்தக் கை அப்படியே இருந்தது. மெலியா இன்னும் இரண்டு முறை வாளியோடு வந்துபோனாள்.

பிறகு டொரிகா சிஸ்டர் வெளியே வந்தார். களைத்துப்போய்ப் பிரசவ அறை நிலையில் தோளைச் சாய்த்து, வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். மாமா, நான், மேடம் மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினோம்.

"சிஸ்டர், வாசல்ல நிக்காதீங்க!"

சிஸ்டர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"புள்ள வெளிய வந்தாச்சுய்யா. பொம்பளப் புள்ள. கத்தறது கேக்கலையா? இனி யாரு வேணா நிக்கலாம்."

"அவ?" என்றான் ஃபாக்சன்.

"நின்னுடுச்சு. ரெண்டு ஊசி. வயித்தப் பிசைஞ்சு பிசைஞ்சு என் கை போச்சு. அவளுக்கு ஒண்ணுமில்ல, பசிக்குதுங்கறா. ஈசல் வறுத்துக் குடுங்கன்னு கேக்கறா."

ஃபாக்சன் எழுந்தான், ஈசல் பிடிக்க ஓடினான். என்ன செய்கிறோம் என்று தெரியாமல் வெறுங்கையால் காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான். மேடம் சிரித்துக்கொண்டே அழுதார். நான் அழவில்லை என்று சொன்னால் பொய்.

மாமா மட்டும் நேராகப் பிரசவ அறை வாசலுக்குப் போனார். சேற்றுக் காலோடு அந்த நிலைப்படியில் உட்கார்ந்தார். முதுகை ஒரு பக்க நிலையில் சாய்த்து, காலை மறுபக்க நிலைவரைக்கும் நீட்டிக்கொண்டார். முகத்தைக் கையால் மூடினார். தோள் குலுங்கியது. தங்கையின் பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை அவர் வாயால் நான் அதுவரை கேட்டதில்லை.

யாரும் அவரை எழுந்திருக்கச் சொல்லவில்லை. மெலியா வாளியோடு அவர் காலைத் தாண்டித் தாண்டிப் போய்வந்துகொண்டிருந்தாள்.